மின்சாரக் கார் வாங்கியபோது போட்ட கணக்கு

2025 ஆயுத பூஜை முடிந்த இரண்டாவது வாரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு மின்சாரக் கார் வந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்கள் நான் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன் என்று வீட்டில் சொல்வார்கள், அது உண்மைதான். ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்கு வேலைக்குப் போய்வர நாள்தோறும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்குப் பெட்ரோல் செலவு சம்பளத்தில் ஒரு பெரிய பங்கு. ஆனால் என்னிடம் யோசனை கேட்ட நண்பர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, 'அரசு எவ்வளவு மானியம் தருகிறது?' என்பதாகவே இருந்தது. அந்தக் கேள்விக்குச் சரியான விடையை நான் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின. வாங்க நினைப்பவர்களுக்கு அந்த உழைப்பு மிச்சமாகட்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, தமிழ்நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக்கு மின்சாரக் கார் வாங்குபவரின் வங்கிக் கணக்கில் மாநில அரசு எந்தத் தொகையையும் செலுத்துவதில்லை என்பது. 2023 பிப்ரவரியில் வெளியான மாநில மின்சார வாகனக் கொள்கையில் கொள்முதல் ஊக்கத்தொகை என்று ஒரு பகுதி இருக்கிறது; மின்சார சைக்கிளுக்கு 5,000 ரூபாயில் தொடங்கிப் பேருந்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அதில் கூறப்பட்டிருக்கிறது. அதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு நமக்கும் ஏதோ வரும் என்று நம்புகிறவர்கள் பலர். அந்த ஊக்கத்தொகை வாடகைக்கும் வணிகத்துக்கும் ஓடும் வாகனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சொல்லப்போனால் அந்தக் கொள்கையின் பெரும்பகுதி வாங்குபவரைப் பார்த்துப் பேசவே இல்லை; 50,000 கோடி ரூபாய் முதலீடும் ஒன்றரை லட்சம் வேலைவாய்ப்பும் அதன் இலக்குகள். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஸ்கூட்டர் ஆலைகள் பெருகியதற்கும், 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறக்கப்பட்டதற்கும் பின்னால் இந்த எண்ணம்தான் இருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வாங்குபவர் தன் பங்கை எங்கே தேட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பங்கு சாலை வரியில் இருக்கிறது. பணத்தைக் கையில் கொடுப்பதற்குப் பதிலாக, நம்மிடமிருந்து வாங்க வேண்டியதை அரசு வாங்காமல் விடுகிறது. ஆகவே அது கொட்டேஷனில் ஒரு பூஜ்யமாக மட்டுமே தெரிகிறது. அந்தப் பூஜ்யத்தின் மதிப்பை அறிய, பக்கத்தில் ஒரு பெட்ரோல் காரின் கொட்டேஷனை வைத்துப் பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி, அதாவது பதிவின்போது ஒரே முறை கட்டும் சாலை வரி, உயர்த்தப்பட்டது. அதற்கு முன்பு 10 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 10 சதவீதமும் அதற்கு மேல் 15 சதவீதமும் இருந்தன. இப்போது 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13 சதவீதம், 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கும் மேல் 20 சதவீதம். பெட்ரோல் வாகனங்களுக்கு இப்படி வரி ஏற ஏற, மின்சார வாகனத்துக்கான முழு வரிவிலக்கின் மதிப்பும் தானாகவே ஏறிவிட்டது. 2023-க்கு முன்பு போட்ட ஒப்பீடுகளை இன்றும் இணையத்தில் பலர் பகிர்கிறார்கள். அவற்றை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் கணக்கையே சொல்கிறேன். நான் தேர்ந்தெடுத்த மின்சாரக் காரின் ஷோரூம் விலை 14 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். ஏறத்தாழ அதே அளவும் அதே வசதிகளும் கொண்ட பெட்ரோல் காரின் ஷோரூம் விலை 12 லட்சம். இரண்டுக்கும் இடையே இரண்டரை லட்சம் ரூபாய் வித்தியாசம் இருப்பதைப் பார்த்து முதலில் நான் பின்வாங்கவே செய்தேன். ஆனால் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம் சாலை வரி சேர்த்தபோது 2 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய் கூடி அதன் விலை 14 லட்சத்து 16 ஆயிரம் ஆயிற்று. மின்சாரக் கார் நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டரை லட்சமாகத் தெரிந்த இடைவெளி 34,000 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. இந்த விலக்கு இல்லாமல் போயிருந்தால் மின்சாரக் காருக்கு 2 லட்சத்து 61 ஆயிரம் ரூபாய் வரி கட்ட வேண்டியிருந்திருக்கும்; நான் அநேகமாகப் பெட்ரோல் காரையே வாங்கியிருப்பேன்.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.டி.) மாறியதால் இந்தச் சாலை வரிவிலக்கு முன்னைவிட முக்கியமாகிவிட்டது என்பது என் கருத்து. அதுவரை நான்கு மீட்டருக்குக் குறைந்த, 1,200 சி.சி.க்கு உட்பட்ட பெட்ரோல் காருக்குச் செஸ் சேர்த்து 29 சதவீதம் வரி இருந்தது. இப்போது அது 18 சதவீதம். மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதமே நீடிக்கிறது. ஆகவே இந்த வரியில் இரண்டுக்கும் இருந்த 24 புள்ளி இடைவெளி 13 ஆகக் குறைந்துவிட்டது. சிறிய பெட்ரோல் கார்களின் விலை இறங்கியதில் எனக்கு வருத்தமில்லை. எனினும் இந்த வகைப் பெட்ரோல் காரோடு ஒப்பிட்டு 10 லட்சத்துக்கு மேற்பட்ட விலையில் வாங்குபவருக்கு இன்று ஜி.எஸ்.டி. சலுகையைவிடச் சென்னைக் கோட்டையிலிருந்து வரும் சலுகையே பெரியது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

மத்திய அரசின் நேரடி மானியத்தைப் பற்றியும் பலருக்குப் பழைய நினைவே இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ள பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சொந்தக் காருக்கு மானியம் கிடையாது. இருசக்கர வாகனத்துக்கு இருந்தது. அதுவும் படிப்படியாகத் தேய்ந்துவிட்டது. 2021 ஜூனில் மின்கலத்தின் கொள்ளளவில் ஒரு கிலோவாட்-மணிக்கு 15,000 ரூபாயாக இருந்தது, 2023 ஜூனில் 10,000 ஆகி, 2024-இல் 5,000 ஆகி, 2025-26 நிதியாண்டில் 2,500 ஆகி, ஒரு வாகனத்துக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய் என்ற இடத்தில் நின்றது. என் மகள் 2025-இல் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினாள். மத்திய மானியம் 5,000. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கான 12 சதவீத சாலை வரியை மாநிலம் விட்டுக்கொடுத்ததால் மிஞ்சியது 14,400. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது முதல் தொகைதான்.

வருமான வரியிலும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. மின்சார வாகனக் கடனுக்கான வட்டியில் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம் என்று என் அலுவலக நண்பர் உறுதியாகச் சொன்னார். 80இஇபி என்ற அந்தப் பிரிவு 2019 ஏப்ரல் 1-க்கும் 2023 மார்ச் 31-க்கும் இடையே ஒப்புதலான கடன்களுக்கு மட்டுமே பொருந்தும். இன்று கடன் வாங்குபவருக்கு அது உதவாது. மாறாக, 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள எந்தக் காருக்கும் விற்பனையாளர் 1 சதவீதம் வரி வசூலித்து நம் பான் எண்ணில் செலுத்துகிறார். எனக்கு அது 14,500 ரூபாய். அது செலவன்று, கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆனால் வாகனம் எடுக்கும் நாளில் கையில் இருக்க வேண்டும்.

இனி, சலுகை என்ற பேச்சில் மறைந்துவிடும் செலவுகளுக்கு வருகிறேன். முதலாவது காப்பீடு. மின்சார வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் 15 சதவீதம் தள்ளுபடி என்று 2022 ஜூனில் அறிவிக்கப்பட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்ரோல் காரை எஞ்சின் சி.சி. அளவில் வகைப்படுத்துகிறவர்கள், மின்சாரக் காரை மோட்டாரின் கிலோவாட் அளவில் வகைப்படுத்துகிறார்கள். 65 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மோட்டார் என்றால் அது உச்ச வகை. புதிய காருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 20,907 ரூபாய். நான் வாங்கிய அளவுள்ள பல மின்சாரக் கார்களின் மோட்டார் இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. நான் ஒப்பிட்ட பெட்ரோல் காரோ 1,200 சி.சி.; 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான வகைக்கு மூன்றாண்டுக் கட்டணம் 10,640. ஆக, 15 சதவீதம் தள்ளுபடி பெற்ற பின்பும் நான் ஏறத்தாழ இருமடங்கு செலுத்தினேன். ஷோரூம் விலை கூடுதலாக இருப்பதால் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டுத் தொகையும் அதற்கேற்ப உயர்ந்தது. இந்தக் காப்பீட்டு வகைப்பாடு திருத்தப்பட வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

இரண்டாவது, பதிவுச் செலவு. மின்கலத்தில் ஓடும் வாகனத்துக்குப் பதிவுச் சான்று வழங்கவும் புதுப்பிக்கவும் கட்டணம் இல்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. இருந்தும் எனக்குத் தரப்பட்ட முதல் கொட்டேஷனில் 'ஆர்.டி.ஓ. செலவு' என்ற தலைப்பில் 12,000 ரூபாய் எழுதப்பட்டிருந்தது. சாலை வரியும் பதிவுக் கட்டணமும் விலக்கப்பட்ட பிறகு இது எதற்கு என்று கேட்டேன். தெளிவான விடை வரவில்லை. வாகனப் பதிவுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் செலுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது தர வேண்டும், அந்த ரசீதில் உள்ளதை மட்டுமே கொடுப்பேன் என்று எழுத்தில் கேட்ட பிறகு, பதிவுச் சான்றில் கடன் குறிப்பு ஏற்றுவது, ஸ்மார்ட் கார்டு போன்றவை சேர்ந்து வந்த தொகை 2,000 ரூபாயைத் தொடவில்லை. கோபப்படாமல், பொறுமையாக, எழுத்தில் கேட்டால் போதும். அந்த உரிமை எல்லாருக்கும் உண்டு.

மூன்றாவதும் என் மனத்தில் மிக முக்கியமானதும் வீட்டு மின்கட்டணம். 'யூனிட் நாலே முக்கால் ரூபாய், கிலோமீட்டருக்கு எழுபது காசு' என்று சொல்பவர்கள் நம் கட்டண முறையை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2025 நிலவரப்படி முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக ஏறி, 500 யூனிட்டைத் தாண்டினால் அடுத்த யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல், 800-ஐத் தாண்டினால் 10 ரூபாய்க்கு மேல், 1,000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். மேலும் 500 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு இரண்டாவது நூறு யூனிட்டில் கிடைக்கும் குறைந்த விலை, அந்த எல்லையைத் தாண்டியவருக்குக் கிடைப்பதில்லை. வீடு ஏற்கெனவே பயன்படுத்தும் மின்சாரம் கீழ்ப்படிகளை நிரப்பிவிடுகிறது. காருக்கென்று புதிதாகச் சேரும் ஒவ்வொரு யூனிட்டும் மேல்படியில்தான் போய் உட்காருகிறது.

எங்கள் வீட்டில் முன்பு இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடும். கட்டணம் 1,100 ரூபாய்க்கு அருகில் வரும். கார் வந்த பிறகு வந்த முதல் முழுக் கணக்கில் 750 யூனிட். கட்டணம் 4,300 ரூபாயைத் தாண்டிவிட்டது. 370 யூனிட்டுக்குக் கூடுதலாக 3,200 ரூபாய்க்கு மேல் என்றால் யூனிட்டுக்கு எட்டே முக்கால் ரூபாய். அதில் நான் ஓட்டியது 2,400 கிலோமீட்டர். ஆகவே கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 35 காசு. இதே தூரத்துக்குப் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்திருந்தாலும் 160 லிட்டர், அதாவது 16,000 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும். இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 13,000 ரூபாய் மிச்சம் என்பது எனக்கு மிகப் பெரிய தொகை. ஆனால் அந்த மிச்சம் எழுபது காசுக் கணக்கில் வந்ததன்று என்பதையும், இரண்டு ஏ.சி.கள் ஓடும் வீட்டில் இதே கார் 11 ரூபாய் யூனிட்டில் ஓடும் என்பதையும் வாங்குபவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். சாலை வரியில் விட்டுக்கொடுப்பதில் ஒரு சிறு பகுதியை மாநிலம் இந்த வழியில் மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வீட்டில் காருக்குச் சார்ஜ் ஏற்றுவதற்கென்று இரவு நேரத்துக்கு ஒரு தனிக் கட்டணம் வகுத்தால், கொள்கை ஆவணத்தின் பல பக்கங்கள் செய்யாததை அது செய்யும். மாடி சொந்தமாக இருப்பவர்கள் சூரிய மின்தகடு பற்றியும் யோசிக்கலாம். மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைப்பவர்களுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, அது முதலில் குறைப்பது நம்முடைய மேல்படி யூனிட்டுகளைத்தான்.

சார்ஜர் பொருத்துவதற்கு ஆன செலவையும் சொல்லிவிடுகிறேன். 15 ஆம்பியர் பிளக்கில் செருகும் சிறிய சார்ஜரே என் ஓட்டத்துக்குப் போதும்; இரவு முழுக்க நேரம் இருக்கிறது. ஆனாலும் பழைய வீட்டின் ஒயரை நம்பி மணிக்கணக்கில் முழுச் சுமையை ஏற்ற எங்கள் எலக்ட்ரீசியன் சம்மதிக்கவில்லை. மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி. (சுமை கூடினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்), புதிய எர்த்திங் ஆகியவற்றுக்குச் சேர்த்து 18,000 ரூபாய் ஆயிற்று. சுவரில் பொருத்தும் ஏழு கிலோவாட் சார்ஜர் வேண்டுமென்றால் மின்வாரியத்தில் கூடுதல் மின்சுமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒருமுனை இணைப்பு உள்ள வீடு மும்முனைக்கு மாற வேண்டியிருக்கும். அதற்கான கட்டணமும் வைப்புத்தொகையும் தனி. வாடகை வீட்டில் இருப்பவருக்கு இது எதுவும் எளிதன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் வாடகை வீட்டில் இருந்தபோது இந்தக் காரை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. தெருவோரத்தில் வண்டியை நிறுத்துகிறவருக்கு வரிவிலக்கு இருந்தும் பயனில்லை.

இந்த இடத்தில் எனக்கு உறுத்துகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். விலக்கு சதவீதத்தில் அமைந்திருப்பதால், விலை ஏற ஏறச் சலுகையும் ஏறுகிறது. என் மகளின் ஸ்கூட்டருக்கு 14,400 ரூபாய். என் காருக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல். 60 லட்சம் ரூபாய் சொகுசுக் காருக்கு 12 லட்சம். மூவருக்கும் கிடைப்பது ஒரே விலக்கு என்று சட்டம் சொல்கிறது. பக்கத்து மாநிலங்கள் இதைச் சிறிதேனும் யோசித்திருக்கின்றன. கர்நாடகம் 2024-இல் 25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 10 சதவீத வாழ்நாள் வரி விதித்தது. கேரளம் 2025 ஏப்ரல் முதல் 15 லட்சம் வரை 5 சதவீதம், 20 லட்சம் வரை 8 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம் என்று பிரித்திருக்கிறது. மாறாக, தெலங்கானா 2026 டிசம்பர் இறுதி வரை முழுவிலக்கு அளித்திருக்கிறது. எனக்குக் கர்நாடகத்தின் வழி நியாயமாகப்படுகிறது. நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலை வரை முழுவிலக்கு, அதற்கு மேல் வரி. அப்படி வருவதைக் கொண்டு அடுக்குமாடிகளிலும் தெருக்களிலும் சார்ஜர் வைக்கலாம்.

மாநிலங்கள் இப்படி வேறுபடுவதால் ஊர் மாறும் வாய்ப்புள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். என் மைத்துனருக்கு அடுத்த ஆண்டு கொச்சிக்கு மாற்றல் வரலாம். இங்கே பதிவு செய்த வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அப்போது அந்த மாநிலத்தின் வரியும் வந்து சேரும். தமிழ்நாட்டில் பூஜ்யம் கட்டிய வண்டி என்பதால் இங்கிருந்து திரும்பப் பெறவும் எதுவும் இருக்காது. அவர் அதையும் எண்ணிப் பார்த்துவிட்டு, மாற்றல் உறுதியாகும் வரை காத்திருக்க முடிவு செய்தார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கடைசியாக நாள் பற்றிய எச்சரிக்கை. 2023 கொள்கையின்படி, நான் வாங்கியபோது தமிழ்நாட்டின் முழு வரிவிலக்குக்கான காலம் 2025 டிசம்பர் 31 வரை என்று இருந்தது. சாலை வரி பதிவின்போது செலுத்தப்படுவது. முன்பணம் கட்டிய நாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. விலக்கு முடியும் மாதத்தில் முன்பதிவு செய்து, வண்டி வந்து, அடுத்த மாதம் பதிவுக்குப் போகிறவர் அப்போது என்ன ஆணை நடப்பில் இருக்கிறதோ அதற்கே கட்டுப்பட்டவர். ஆகவே விற்பனையாளரிடம் பேசும்போது, வண்டி எப்போது கைக்கு வரும் என்பதைக் காட்டிலும் எந்தத் தேதிக்குள் பதிவாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரிச்சலுகை நீங்கினால் கூடுதல் தொகையை யார் ஏற்பது என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். என் வண்டி அக்டோபரிலேயே பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்துகளோடு வந்துவிட்டது. பதிவுச் சான்றும், வரி என்ற இடத்தில் பூஜ்யம் அச்சிடப்பட்ட அந்த ரசீதும் இப்போது வீட்டுப் பத்திரங்களோடு ஒரே உறையில் இருக்கின்றன.